இலை கசக்கட்டும்

1

இந்தக் கதை எனக்குப் பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. [முதல் வரைவில் "அடைமழை நாளொன்றில் கிடைத்தது" என்று இருந்தது. அன்று மழையே இல்லை. கதை என்றதும் என் பேனா தானாகக் குடையை விரித்துவிடுகிறது. அடித்துவிட்டேன்.]

பக்கத்து நாற்காலியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்மணி. நாற்பத்தைந்தைத் தாண்டியிருப்பார். பல்வலிக்காரர்களுக்குள் பேச்சு சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

"இலை திங்கிற வேலை" என்றார்.

"ஆடு மாதிரியா?" கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று உறைத்தது.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "ஆடு பிடிச்சதத் திங்கும் சார். நான் பிடிக்காததத் தேடித் தேடித் திங்கணும்."

உள்ளேயிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பின்னால் இருந்தவரை அனுப்பிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். சொத்தைப் பல் எங்கும் ஓடிவிடாது.

கேட்டதையெல்லாம் எழுதிக்கொள்ளலாமா என்று கடைசியில் அனுமதி கேட்டேன். "எழுதுங்க. எழுதினத ஃபோன்ல எனக்குப் படிச்சுக் காட்டணும். அப்புறம், வயச மட்டும் கொறச்சுப் போடுங்க" என்றார். இரண்டாவது நிபந்தனையை மேலே ஏற்கெனவே மீறிவிட்டேன். முதல் நிபந்தனைக்கு எந்த நேரத்தில் தலையாட்டினேனோ, நான் ஆசை ஆசையாக எழுதிய சோகம் ஒன்றுகூட இந்தக் கதையில் மிஞ்சவில்லை.

நேரில் அவர் எனக்கு "நீங்க". கதைக்குள் "அவள்" என்றுதான் எழுதப்போகிறேன். "அவர்" என்று எழுதினால் பாத்திரம் இஸ்திரி போட்ட சட்டை மாதிரி விறைத்துக்கொள்கிறது.

2

ஒரு விதை நிறுவனத்தில் புதிய வெள்ளரி ரகங்களை உருவாக்கும் பிரிவுக்கு அவள் தலைவி. படிப்பு, பட்டம் எல்லாம் உண்டு. ஆனாலும் அங்கே அவளுக்குப் பெயர் வாங்கிக்கொடுத்தது நாக்குதான்.

வெள்ளரி விதை முளைத்ததும் இரண்டு குட்டி இலைகள் கூப்பிய கைகள் விரிவதுபோல விரியும். அதில் நகத்தளவு கிள்ளி நுனிநாக்கில் வைக்க வேண்டும். கசந்தால் அந்த நாற்றைப் பிடுங்கிக் கூடையில் போட வேண்டும். கசக்காவிட்டால் காயும் கசக்காது, விட்டுவிட்டு அடுத்த நாற்று. வாயைக் கொப்பளித்துக்கொண்டு மறுபடியும். தட்டுத் தட்டாக, பருவம் பருவமாக இதே வேலை. சோதித்துச் சொல்ல இயந்திரம் இருக்கிறது. ஆனால் அது யோசித்து முடிப்பதற்குள் அவள் ஒரு தட்டை முடித்துவிடுவாள். வேலை நாட்களில் பூண்டு, வெங்காயம் பக்கமே போகமாட்டாள். நிறுவனத்தில் எல்லோருக்கும் அவள் நாக்கம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடு இருந்தது.

எல்லாம் எதற்கு? வெள்ளரிக்காயை நறுக்குகிறவர்கள் காம்பு நுனியைச் சீவி, சீவிய துண்டாலேயே காயைத் தேய்ப்பார்கள். நுரை வரும். கசப்பு போய்விட்டதாக நம்பிக்கை. அப்படித் தேய்க்கவே தேவையில்லாத காயைக் கொடுக்கிறோம் என்பதுதான் நிறுவனத்தின் பெருமை. விதைப் பொட்டலத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும்: கசப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை.*

* அந்தக் கசப்புக்குக் குக்குர்பிட்டாசின் என்று வேதியியலில் ஒரு பெயர் இருக்கிறது. ஒருமுறை சொல்லிவிட்டேன், இனிமேல் கசப்பு என்றே எழுதுகிறேன். வேம்பு எப்போது வரும் என்று காத்திருப்பவர்களுக்கு: வராது. வேம்புக்கு ஏற்கெனவே ரசிகர்கள் அதிகம்.

செடி நமக்காகக் கசக்கவில்லை. செடியால் ஓட முடியாது, அடிக்க முடியாது, அக்கம்பக்கத்தைக் கூப்பிடவும் முடியாது. ஆகவே இலைக்குள்ளேயே ஒரு கஷாயத்தைக் காய்ச்சி வைத்துக்கொள்கிறது. தின்ன வந்தது ஒரு வாய் வைத்துப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுச் சாப்பாடு சரியில்லை" என்று வேறு வீடு பார்க்கும். நாக்கம்மா இத்தனை வருடமாகப் பிடுங்கி எறிந்தது இந்தக் கஷாயத்தைத்தான். அது அவளுக்குத் தெரியாததல்ல. பாடப் புத்தகத்தில் படித்தது. படித்தது உறைப்பதற்கு வேறொரு நாள் வர வேண்டியிருந்தது.

3

அந்த வருடத்து வெயில் ஒரு பசித்த—

[வெயிலை மிருகமாக்கப் பார்த்தேன். வேண்டாம். வெயில் வெயிலாகவே இருக்கட்டும்.]

அவள் கணவர் ஊருக்கு வெளியே இரண்டு பசுமைக்குடில்கள் வைத்து வெள்ளரி பயிரிடுபவர். விதை மனைவியின் நிறுவனத்துடையது. ஒருநாள் காலை அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தட்டுக்குப் பக்கத்தில் ஓர் இலையைக் கொண்டுவந்து வைத்தார். பச்சை வெளுத்து, பித்தளை நிறத்துக்கு வந்திருந்தது. அடியில் மெல்லிய நூலாம்படை. அதற்குள் ஊசிமுனை அளவில் சிவப்புப் புள்ளிகள் ஊர்ந்துகொண்டிருந்தன.

"உன் புள்ளைங்களோட லட்சணத்தப் பாரு" என்றார்.

"சிலந்திப் பேன்.† மருந்து அடிச்சீங்களா?"

"அடிச்சேன். அதுங்களுக்குக் குளிச்சுட்டு வந்த மாதிரி இருக்கு. இன்னும் அடிச்சா கொள்முதல்காரர் காயத் தொடமாட்டார். போன தடவையே சொல்லிட்டாரு, அடுத்த பருவமும் காய்ல மருந்து வாசம் இருந்தா வேற எடம் பாத்துக்கறேன்னு."

கொள்முதல்காரர் என்பவர் பல ஊர்க் கடைகளுக்கு மொத்தமாகக் காய்கறி எடுப்பவர். அவர் வேறு இடம் பார்த்தால் இந்த இரண்டு குடிலுக்கும் பூட்டுதான்.

 † சிலந்திப் பேன் அறிவியல் கணக்குப்படி பூச்சியே இல்லை. எட்டுக் கால், சிலந்திக்குச் சொந்தக்காரன். ஆனால் பயிர் போனவரிடம் போய்க் கால்களை எண்ணிக் காட்டுகிற தைரியம் எனக்கு இல்லை.

அன்று அவள் நிறுவனத்தின் சோதனைக் குடிலுக்குப் போனாள். அங்கேயும் அதே கோலம். வரிசை வரிசையாகப் பித்தளை இலைகள். நடுவில், நான்காவது வரிசையில், ஒரே ஒரு செடி மட்டும் ஒன்றுமே நடக்காதது மாதிரிப் பச்சையாக நின்றுகொண்டிருந்தது. இலையைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு மூன்று பேன்கள், வழிதவறி வந்தவை மாதிரி. நூலாம்படை இல்லை. முட்டை இல்லை.

இலையைக் கிள்ளி வாயில் போட்டாள். நாக்கு சுருண்டது. அப்படி ஒரு கசப்பு.

[இந்த இடத்தில் "அவள் கண்களில் நீர் திரண்டது" என்று எழுதி, ஃபோனில் படித்துக் காட்டினேன்.

"அழல சார். துப்பினேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னொரு எலையப் பறிச்சுத் தின்னேன். நிஜமாத்தானா இல்ல நாக்கு ஏமாத்துதான்னு."]

அந்தச் செடி அவள் கையிலிருந்து தப்பியது. நாற்று சோதித்த வாரம் அவளுக்குக் கடுமையான சளி. யானைக்கும் அடி சறுக்குகிற வாரம். பிடுங்கி எறிந்திருக்க வேண்டிய செடி, எறியப்படாததால் நின்றுகொண்டிருக்கிறது. எறியப்படாத ஒன்று மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. அவள் அந்த வரிசையின் நடுவிலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை செடிகளின் கையிலிருந்தும் கத்தியைப் பிடுங்கிக்கொண்டு, பிறகு சண்டைக்கு அனுப்பியது தன் நாக்குதான் என்பது அப்போதுதான் உறைத்தது.

பிறகு அதில் தொங்கிய ஒரே காயைப் பறித்து, காம்பு நுனியோடு கடித்தாள்.

காய் கசக்கவில்லை.

4

மேலாளர் நல்ல மனிதர். ஆனால் மேலாளர்.

"நம்ம பொட்டலத்துலயே போட்டிருக்கே, கசப்புங்கற பேச்சுக்கே எடமில்லன்னு."

"காய்ல இல்லியே சார். இலைலதான்."

"இலைய யாராவது திங்க மாட்டாங்களா?"

"பேன் திங்கும் சார். அதுக்குத்தான்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். கசப்பு காய்க்குள் இறங்கிவிடாதா என்று கேட்டார். அதில் நியாயம் இருந்தது. இலை கசக்கிற செடி சுகமாக இருக்கும்வரை காய் நன்றாகத்தான் இருக்கும். தண்ணீர் தட்டுப்பட்டால், வெயில் வாட்டினால், செடி பயந்துபோய்க் காயிலும் கசப்பை ஏற்றிவிடலாம். அப்படி ஒரு காய் யார் வாயிலாவது அகப்பட்டால் நிறுவனத்தின் பெயர் கெட்டுவிடும்.

"என்ன கஷ்டம் குடுத்தாலும் காய்ல ஏறாத செடியாப் பாத்து எடுக்கறேன். கொஞ்சம் எடம் குடுங்க."

கிடைத்தது ஒரு மூலை. அதற்கு வேலையாட்கள் வைத்த பெயர் மாமியார் வீடு. அங்கே செடிகளுக்குத் தண்ணீரைக் குறைத்தாள். ஜன்னலை மூடி வேகவைத்தாள். வேண்டுமென்றே குளிரில் நிறுத்தினாள். பிறகு ஒவ்வொரு செடியிலும் இலையையும் காயையும் கடித்துப் பார்த்தாள். காய் கசந்தால் செடி கூடைக்கு. இலை கசக்காவிட்டாலும் கூடைக்கு. வாழ்நாள் முழுக்க எதைப் பிடுங்கினாளோ அதைக் காப்பாற்றவும், எதைக் காப்பாற்றினாளோ அதைப் பிடுங்கவும் கைக்குப் பழக்க வேண்டியிருந்தது. முதல் சில நாள் கை தானாகத் தவறான நாற்றுக்குப் போகும். தன் கையைத் தானே தட்டிவிட்டுக்கொள்வாள்.

இப்படிச் சில பருவங்கள். அத்தனை பருவத்திலும் கணவர் எப்படியோ ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்: பேன் பிடித்த இலைகளைக் கையால் கிள்ளி, தண்ணீரைப் பீய்ச்சி, விளைச்சலில் பாதியை இழந்து. கடைசியில் எதைச் செய்தாலும் காயில் கசப்பு ஏறாத ஒரு வரிசை நின்றது.

மேலாளர் கடித்துப் பார்த்தார். இரண்டாவது தடவையும் கடித்தார். "சரி. ஒரு விவசாயி தன் சொந்தக் குடில்ல, சொந்தப் பொறுப்புல இத நட்டு வித்துக் காட்டட்டும். அப்புறம் நான் பொட்டலம் அடிக்கறேன்" என்றார்.

எந்த விவசாயியிடம் போவது? அவளுக்குத் தெரிந்தவர்களிலேயே மிகவும் பிடிவாதக்காரர் அவள் வீட்டிலேயே இருந்தார்.

5

[கணவரைப் பற்றி ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் மூன்று வரைவுகளில் அவரை வில்லனாக வைத்திருந்தேன். மனைவியின் திறமையைப் பொறுக்காதவர், மீசையை முறுக்குபவர். கடைசிவரை படித்துக் காட்டினேன். பிறகு, "எங்க வீட்டுக்காரருக்கு மீசையே கெடையாது சார். அவரு பயந்தாரு. பயப்படறவரு வில்லனா?" என்றாள். மீசையை எடுத்துவிட்டேன்.]

நாற்றுத் தட்டுகளை அவள் வண்டியிலிருந்து இறக்கியபோது அவர் வாசலில் நின்று பார்த்தார். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டார். முகம் கோணிக்கொண்டது.

"ஊருக்கெல்லாம் கசப்பப் பிடுங்கிப் போட்டுட்டு, எனக்கு மட்டும் கசப்பாப் பொறுக்கிக் கொண்டாந்தியா?"

"இலைதாங்க கசக்கும். காய் கசக்காது."

"அது நீ சொல்றது. வாங்கறவன் வாயில உன் நாக்கா இருக்கு?"

"சரி, பழசையே போடுங்க. மருந்த அடிங்க. கொள்முதல்காரர் வந்து மோந்து பாத்துட்டுப் போகட்டும்."

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டுக் குடிலுக்குள் போனார். மறுநாள் சட்டையை மாட்டிக்கொண்டே, சுவரைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு குடில் உனக்கு. ஒண்ணு எனக்கு. எதுல எது நடக்குதுன்னு பாத்துருவோம்."

பேன்கள் பாரபட்சம் காட்டவில்லை, இரண்டு குடிலுக்கும் வந்தன. பழைய ரகத்தில் வந்தவை குடும்பம் நடத்தத் தொடங்கின. இலைகள் வெளுத்தன, நூலாம்படை ஏறியது. அவளுடைய குடிலில் வந்தவை இலைக்கு இலை அலைந்தன. சாகவில்லை, ஆனால் தங்கவும் இல்லை. முட்டைகள் அபூர்வமாகத்தான் கண்ணில் பட்டன. கணவர் மதியச் சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் குடிலுக்குள் போய் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். கேட்டால், "இங்க கொஞ்சம் குளுமையா இருக்கு" என்றார். இரண்டிலும் ஒரே வெயில்தான்.

6

காய் பறிக்கிற பருவம். வெயில் உச்சத்தில் இருந்த நாள். கூரைச் சாளரங்களைத் திறக்கிற மோட்டார் புகைந்து நின்றது. அவளுடைய குடிலில்.

[இங்கே நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்பதை மறைக்கப்போவதில்லை. ஒரு வழியாகப் பேரழிவு! கதைக்காரனுக்கு இது பண்டிகை மாதிரி.]

குடிலுக்குள் காற்று கொதித்தது. கணவர் ஏணியைப் போட்டு ஏறி, சாளரங்களை ஒவ்வொன்றாகக் கையால் நெம்பித் திறந்தார். அவள் பக்கச் சுவரின் பாலித்தீன் திரையைச் சுருட்டிக் கட்டினாள். சுண்ணாம்பைக் கரைத்துக் கூரைமீது வீசி நிழல் உண்டாக்கினார்கள். இருவர் கையும் வெந்து, முகமெல்லாம் வெள்ளைப் பொட்டு. செடிகள் துவைத்துப் போட்ட துணி மாதிரித் துவண்டு தொங்கின. சாயங்காலம் தண்ணீர் குடித்து மெல்லத் தலை தூக்கின.

செடி பிழைத்தது. கேள்வி காயில் இருந்தது. மாமியார் வீட்டில் அவள் செய்த கொடுமை ஒரு மூலைக்குத்தான். இது ஒரு குடில் முழுக்க. அந்த வெப்பத்தில் வெந்த பிஞ்சுகள் முற்றிக் காயாகும் நேரத்தில்தான் கொள்முதல்காரர் வருவதாக இருந்தது.

வந்தார். முதலில் பழைய குடிலுக்குள் எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு அவளுடையதற்குள் வந்தார். பச்சையைப் பார்த்து ஒரு நிமிடம் நின்றார். இலையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார் போல. ஒன்றைக் கிள்ளி மென்றார். அடுத்த நொடி துப்பினார்.

"என்னம்மா இது, வெஷமாட்டம்! இந்தச் செடியோட காய நான் கடையில வெச்சு, ஒருத்தர் வாயில கசந்துச்சுன்னா என் கதை முடிஞ்சுது."

"காலைலதான் வரிசைக்கு ஒண்ணு கடிச்சுப் பாத்தேன் சார். ஒண்ணுகூடக் கசக்கல."

"உங்க நாக்கு உங்க பக்கந்தானே பேசும்" என்று சொல்லிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார்.

~~அவர் போய்விட்டார். அவள் அந்தப் பச்சைக்கு நடுவே தனியாக நின்றாள். இலைகளின் கசப்பு முழுவதும்~~

[இது என் முடிவு. எனக்கு மிகவும் பிடித்திருந்தது. குரல் தழுதழுக்கப் படித்துக் காட்டினேன்.

"அவரு போகலியே சார்" என்றாள்.

"போயிருந்தா கதை நல்லா இருக்கும்."

"கதை நல்லா இருக்கணும்னு எங்க குடில ஏன் சார் மூடறீங்க? சோகமா முடிஞ்சாத்தான் மதிப்பீங்களா?"

இதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். நடந்ததை எழுதுகிறேன்.]

கணவர், புகைந்து நின்ற மோட்டாருக்குக் கீழே, வெயில் அதிகம் தாக்கிய மூலைக்கு நேராகப் போனார். ஒரு காயைப் பறித்தார். கத்தியால் காம்பு நுனியைச் சீவினார். கசப்பு என்று ஒன்று இருந்தால் முதலில் வந்து உட்காருகிற இடம் அது. தோலைச் சீவவில்லை, தேய்க்கவில்லை. அந்தத் துண்டை அப்படியே வாயில் போட்டுக்கொண்டார்.

நாக்கம்மா அவர் தாடையையே பார்த்தாள். இத்தனை வருட வாழ்க்கையில் அவர் மெல்லுவதை அவள் இப்படிப் பார்த்ததில்லை. அவர் முகம் கோணினால் எல்லாம் முடிந்தது. அந்த மனிதருக்கு நடிக்கத் தெரியாது.

அவர் மென்றார். விழுங்கினார். அடுத்த செடிக்குப் போய் இன்னொன்றைப் பறித்தார். மறுபடி காம்பு நுனி. மறுபடி மென்றார். மூன்றாவதை வாய் நிறைய வைத்துக்கொண்டே கத்தியைக் கொள்முதல்காரர் பக்கம் நீட்டினார்.

"எந்தக் காய் வேணும்னாலும் நீங்களே பறிங்க சார். அவ நாக்க நம்ப வேணாம். என்னோடதையும் நம்ப வேணாம்."

கொள்முதல்காரர் தயங்கினார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு காயைப் பறித்தார். சீவினார். கடித்தார். மீண்டும் கடித்தார். காய் பாதியாயிற்று. அவர் மெல்ல நிமிர்ந்து, இருவரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார்:

"உப்பு இருக்கா?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கணவர் சாப்பாட்டு டப்பாவிலிருந்து உப்புப் பொட்டலத்தை எடுக்க ஓடினார். ஓடுகிற வயதில்லை, இருந்தாலும் ஓடினார். மூன்று பேரும் கவிழ்த்த கூடைகள்மீது உட்கார்ந்து, உப்பு தொட்டுத் தொட்டு, ஒரு கூடைக் காயை ஒரு வழி பண்ணினார்கள்.

"ரெண்டு குடிலும் இதையே போடுங்க. மொத்தத்தையும் நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார் கொள்முதல்காரர். போகும்போது இரண்டு காயைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மேலாளர் சொன்ன சொல் தவறவில்லை. புதுப் பொட்டலம் அடித்தார். அதில் கொட்டை எழுத்தில் இப்படி இருக்கிறது: இலை கசக்கும். காய்க்குப் பொறுப்பு நாங்கள்.

7

கதையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் என் மேஜையில் இரண்டு முடிவுகள் மிச்சம் இருக்கின்றன. தூக்கிப்போட மனம் வரவில்லை.

(அ) பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்றால், கசப்பு மட்டும் பழகாதா? சில தலைமுறைகளில் பேன்கள் அந்தக் கஷாயத்துக்குப் பழகிக்கொள்கின்றன.

(ஆ) உலகத்தில் ஒரு வண்டு இருக்கிறது. எல்லாப் பூச்சியும் விலகி ஓடுகிற இதே கசப்பை விருந்து என்று நினைத்துத் தேடி வருகிற வண்டு. [இது நான் கட்டிய கதை இல்லை, அப்படிப்பட்டவை உண்மையிலேயே இருக்கின்றன.] ஒருநாள் அது குடில் வாசலில் வந்து உட்காருகிறது.

இரண்டையும் படித்துக் காட்டினேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். நிதானமாகக் கேட்டாள்.

"ரெண்டும் நடக்கலாம் சார். வண்டு வந்தா வலை கட்டுவோம். பேன் பழகிருச்சுன்னா வேற கசப்பத் தேடுவோம், செடிகிட்ட என்னென்னமோ இருக்கு. அது நடக்கறப்ப அத எழுதுங்க. இப்ப ஜெயிச்சிருக்கோம்ல? இத எழுதறதுக்கு ஏன் கூச்சப்படறீங்க?"

கூச்சம்தான். ஜெயித்தவர்களைப் பற்றி எழுத எங்களுக்குக் கை வராது. ஆகவே பார்த்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். போன வாரம் அவளைப் பார்க்கக் குடிலுக்குப் போயிருந்தேன். சுற்றுவட்டாரத்து வெள்ளரிக்காரர்கள் எல்லாரும் திரண்டு வந்திருந்தார்கள். விதை வேண்டும், அதற்கு முன் இலையைத் தின்று பார்க்க வேண்டும். அவள் வரிசையில் நிறுத்தி ஆளுக்கோர் இலைத்துண்டு கொடுத்துக்கொண்டே போனாள். வாயில் போட்டவர் முகமெல்லாம் கோணிக்கொண்டது. ஒருவர் கண்ணை இறுக்கினார், ஒருவர் தொடையில் அடித்துக்கொண்டார், ஒரு அம்மா "ஐயோ ஐயோ" என்று குதித்தார். எல்லோரும் துப்பினார்கள், துப்பிக்கொண்டே சிரித்தார்கள், "இன்னும் நல்லாக் கசக்கட்டும்!" என்று யாரோ கத்தினார்கள். வரிசைக்குப் பின்னால் கணவர் உப்புத் தட்டோடும் நறுக்கிய காயோடும் நின்றார். அன்று அந்த இடத்தில் அவரைவிட உயரமானவர் யாரும் இல்லை.

நானும் ஓர் இலை வாங்கித் தின்றேன். வர்ணிக்க மாட்டேன்.

முடிவை நான் வைக்கப்போவதில்லை. (அ), (ஆ) இரண்டும் அங்கேயே கிடக்கின்றன, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். வேண்டாமென்றால், அந்த வரிசையின் கடைசியில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு எழுதியிருக்கிறேன். இலையைக் கிள்ளிக்கொண்டு அவள் உங்கள் பக்கம்தான் வருகிறாள். வாயைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் பாடு.